நடுகல்லும் உதிரப்பட்டியும்: பணியில் உயிர்விட்ட இளம் காவலருக்கு அரசு செய்வது என்ன?

2020 ஆகஸ்ட் 18. தூத்துக்குடி மாவட்டம் வல்லநாட்டை அடுத்த மணக்கரை. கொலை வழக்கில் தேடப்பட்ட ஒருவர் அங்கே பதுங்கியிருப்பதாகத் தகவல் வர, தனிப்படை கிளம்பிப் போனது. போலீசார் சுற்றி வளைத்ததும் அந்த ஆள் நாட்டு வெடிகுண்டுகளை வீசினார். ஒன்று காவலர் சுப்பிரமணியனின் தலையில் பட்டு வெடித்தது. அந்த இடத்திலேயே உயிர் போய்விட்டது. குண்டு வீசியவரும் காயம்பட்டு இறந்துபோனார். ஆழ்வார்திருநகரி காவல் நிலையத்தைச் சேர்ந்த சுப்பிரமணியனுக்கு அப்போது முப்பது வயதுகூட ஆகவில்லை.

அதே மாவட்டத்தில், இரண்டே மாதங்களுக்கு முன்பு, சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் காவல்துறையின் பிடியில் சித்திரவதைப்பட்டு இறந்திருந்தார்கள். ஊரெங்கும் காக்கிச் சட்டை மீது கோபம் கொதித்துக்கொண்டிருந்த நேரம் அது. அந்தக் கோபத்தில் ஒரு சொல்கூட மிகையில்லை. ஆனால் சாத்தான்குளத்துக்கும் மணக்கரையில் விழுந்தவருக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. ஒரு கைது நடவடிக்கைக்குப் போகச் சொன்னார்கள், போனார், வீடு திரும்பவில்லை.

இப்படி ஒரு மரணம் நடக்கும்போதெல்லாம் செய்தி படிப்பவர்களிடம் ஒரே மாதிரிக் குழப்பங்கள் எழுகின்றன. இவரைத் ‘தியாகி’ என்று அரசு அறிவிக்குமா? ஒருவருக்கு ஒரு கோடி, இன்னொருவருக்கு 50 லட்சம், அது எந்தக் கணக்கு? ஒரு செய்தியில் 24 குண்டுகள் முழங்க அடக்கம், மற்றொன்றில் 30 குண்டுகள் முழங்க அடக்கம் என்கிறார்களே, அதில் உயர்வு தாழ்வு உண்டா? அடியிலிருந்து ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

அக்டோபர் 21 எங்கிருந்து வந்தது?

பணியில் இறந்த காவலர்களை நாடு முழுவதும் நினைவுகூரும் நாள் அக்டோபர் 21. தமிழ்நாட்டில் இதைக் காவலர் வீரவணக்க நாள் என்கிறோம். இதன் தொடக்கம் லடாக்கில் இருக்கிறது.

1959-இல் இந்திய–சீன எல்லையைக் காத்தது ராணுவம் அல்ல, போலீஸ். அக்டோபர் 20 அன்று ஹாட் ஸ்பிரிங்ஸ் என்ற இடத்திலிருந்து மூன்று குழுக்கள் வேவு பார்க்கப் போயின. இரண்டு குழுக்கள் பிற்பகலில் திரும்பிவிட்டன. இரண்டு காவலர்களும் ஒரு சுமைதூக்கியும் இருந்த மூன்றாவது குழு திரும்பவில்லை. மறுநாள் கரம் சிங் என்ற அதிகாரி, சுமார் இருபது பேருடன் அவர்களைத் தேடிப் போனார். மேட்டின் மேலிருந்து சீனப் படையினர் சுட்டார்கள். பத்துப் பேர் இறந்தார்கள், ஏழு பேர் காயத்தோடு சிறைபிடிக்கப்பட்டார்கள். உடல்கள் கைக்கு வந்தது நவம்பர் 13-இல்தான். ஹாட் ஸ்பிரிங்ஸிலேயே காவல்துறை மரியாதையோடு தகனம் நடந்தது. 1960 ஜனவரியில் கூடிய காவல்துறைத் தலைவர்கள் மாநாடு, அக்டோபர் 21-ஐ ஆண்டுதோறும் நினைவு நாளாகக் கடைப்பிடிப்பது என்று முடிவெடுத்தது.

இதில் என் மனதில் தங்குவது ஒரு விஷயம். அந்தப் பத்துப் பேரும் கிளம்பியது எதிரியோடு சண்டை போட அல்ல, காணாமல் போன சக காவலர்களைத் தேடி.

ஒவ்வோர் அக்டோபர் 21 காலையிலும் நடக்கும் அணிவகுப்பை நேரில் பார்த்தவர்களுக்குத் தெரியும். துப்பாக்கியின் குழல் முனை தரையைப் பார்க்க, அடிக்கட்டையின் மேல் இரண்டு கைகளையும் வைத்து, தலையைக் கவிழ்த்து நிற்பார்கள். எதிரியை நோக்க வேண்டிய ஆயுதத்தைத் தலைகீழாகப் பிடிப்பதுதான் துக்கத்தின் அடையாளம். பிறகு பட்டியல் வாசிக்கப்படும். செப்டம்பர் 1 முதல் அடுத்த ஆகஸ்ட் 31 வரை இறந்தவர்கள் ஓர் ஆண்டுக் கணக்கில் சேர்வார்கள். மணக்கரைச் சம்பவம் நடந்த ஆகஸ்ட் 18, 2020-இன் கணக்கில் விழுகிறது. அந்த ஆண்டு நாடு முழுவதும் 264 பேர். 2023-இல் வாசிக்கப்பட்ட எண்ணிக்கை 188, 2024-இல் 216.

டெல்லி சாணக்கியபுரியில் 2018 அக்டோபர் 21 அன்று தேசிய காவலர் நினைவகம் திறக்கப்பட்டது. 30 அடி உயரம், 238 டன் எடையில் ஒற்றைக் கருங்கல். பக்கத்தில் உள்ள வீரச் சுவரில் அப்போதே 34,800-க்கும் மேற்பட்ட பெயர்கள். சென்னையில் கடற்கரைக்கு எதிரே டிஜிபி அலுவலக வளாகத்தில் மாநில நினைவுத் தூணுக்கு ஒவ்வோர் அக்டோபர் 21 அன்றும் மலர்வளையம் வைக்கிறார்கள்.

குண்டு முழக்கத்தைப் பொறுத்தவரை விஷயம் எளிது. சுடுவது மூன்று முறை. வரிசையில் எட்டுப் பேர் நின்றால் 24, பத்துப் பேர் நின்றால் 30. எல்லாம் ஓசைக்கான வெற்றுத் தோட்டாக்கள். இறந்தவரின் பதவிக்கோ வீரத்துக்கோ அந்த எண் அளவுகோல் அல்ல.

‘பணியின்போது’ என்ற சொல்லுக்குள் என்ன இருக்கிறது?

நாம் பேச்சில் வீரமரணம், தியாகி என்று சொல்லிவிடுகிறோம். கோப்பில் அந்தச் சொற்களுக்கு இடம் இல்லை. 2017-இல் மத்திய தகவல் ஆணையத்தின் முன் ஒரு மனு வந்தபோது, ராணுவத்திலோ துணை ராணுவத்திலோ ‘தியாகி’ என்று ஒரு சொல் வரையறுக்கப்படவில்லை என்று பாதுகாப்பு அமைச்சகமும் உள்துறை அமைச்சகமும் சொல்லிவிட்டன. கோப்பு கேட்பது மூன்று கேள்விகள்.

1. இறந்த நேரத்தில் பணியில் இருந்தாரா? நாட்டின் பெரும்பகுதிக்கு அடிப்படையான 1861-ஆம் ஆண்டு காவல் சட்டத்தின் 22-ஆவது பிரிவு, காவலர் எப்போதுமே பணியில் இருப்பவராகக் கருதப்படுவார் என்கிறது. லீவு போட்டவரைத் திருவிழா பந்தோபஸ்துக்குத் திருப்பி அழைக்கும்போது இந்தக் கருத்து நன்றாக வேலை செய்யும். இரவு டூட்டி முடித்துத் தூக்கக் கலக்கத்தில் பைக்கில் வீடு திரும்பும் காவலர் விபத்தில் இறந்தால்தான் ‘பணி முடிந்துவிட்டதா, இல்லையா’ என்ற கேள்வி முளைக்கும்.

2. மரணத்துக்கும் வேலைக்கும் தொடர்பு உண்டா? குற்றவாளி வெட்டியிருந்தால் தொடர்பு கண்ணுக்குத் தெரியும். பதினெட்டு மணி நேரம் நின்றுவிட்டு மாரடைப்பில் சரிந்தவரின் குடும்பம் அதை நிரூபிக்க வேண்டியிருக்கும்.

3. எந்த வகையைச் சேர்ந்த மரணம்? தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் புள்ளிவிவரத்தில் தீவிரவாதிகள், கொள்ளையர், கலவரக் கும்பல், பிற குற்றவாளிகள், விபத்து என்று தலைப்புகள் உண்டு. பெரும்பங்கு விபத்துக்குத்தான். கத்தியால் இறந்தவரைத் தலைப்புச் செய்தியில் பார்க்கிறோம். நெடுஞ்சாலையில் வாகனத் தணிக்கையில் நின்று லாரி மோதி இறந்தவர் உள்பக்கத்தில் நான்கு வரி.

பணம் எந்தக் கணக்கில் வருகிறது?

அரசியலமைப்பின் ஏழாவது அட்டவணைப்படி காவல்துறை மாநிலப் பட்டியலில் இருக்கிறது. ஆகவே மத்திய அரசு ஊழியருக்கு உள்ள விதி, ஆழ்வார்திருநகரி காவலருக்குப் பொருந்தாது.

மத்திய அரசில் 2016-இல் வெளிவந்த ஆணை கருணைத் தொகையை முன்கூட்டியே எழுதிவைத்திருக்கிறது. பணியின்போது விபத்தில் இறந்தால் 25 லட்சம். சமூகவிரோதிகள், பயங்கரவாதிகளின் வன்முறையில் இறந்தால் 25 லட்சம். எல்லை மோதலிலும் தீவிரவாதிகளுக்கு எதிரான நடவடிக்கையிலும் 35 லட்சம். போரில் 45 லட்சம். தொகை போதுமா என்பது வேறு விவாதம். ஆனால் யாருக்கு எவ்வளவு என்று சாவு நடப்பதற்கு முன்பே எழுதப்பட்டிருக்கிறது. குடும்பம் யார் வாயையும் பார்க்க வேண்டியதில்லை.

தமிழ்நாட்டில் நாம் செய்தியில் படிக்கும் தொகை பெரும்பாலும் முதலமைச்சரின் அறிவிப்பாக வருகிறது. சிலவற்றை வரிசையாக வைத்துப் பாருங்கள்.

1. 2020 ஜனவரி 8, களியக்காவிளை சோதனைச் சாவடியில் சுட்டுக் கொல்லப்பட்ட சிறப்பு சார்பு ஆய்வாளர் வில்சன்: 1 கோடி.
2. 2020 ஆகஸ்ட், சுப்பிரமணியன்: 50 லட்சம்.
3. 2021 நவம்பர், ஆடு திருடர்களை விரட்டிப் போய் வெட்டிக் கொல்லப்பட்ட நவல்பட்டு நிலைய சிறப்பு சார்பு ஆய்வாளர் பூமிநாதன்: 1 கோடி.
4. 2025 ஆகஸ்ட், குடிமங்கலம் அருகே தகராறை விசாரிக்கப் போன இடத்தில் வெட்டிக் கொல்லப்பட்ட சிறப்பு சார்பு ஆய்வாளர் சண்முகவேல்: 30 லட்சம்.

முதல் இரண்டும் ஒரே ஆண்டு, ஒரே அரசு. பின்னிரண்டும் ஒரே ஆட்சிக் காலம். நான்கு பேரும் வேலையைச் செய்யும்போதே கொல்லப்பட்டவர்கள். ஆகவே இதைக் கட்சிக் கணக்காகப் படிப்பது தவறு. ஒரு கோடி பெற்ற குடும்பத்துக்கு அதிகம் போய்விட்டது என்று படிப்பது அதைவிடப் பெரிய தவறு. இத்தனை வேறுபாட்டுக்கு என்ன அடிப்படை என்று எந்த அறிவிப்பிலும் ஒரு வரி இல்லை. அதுதான் நாம் பார்க்க வேண்டியது.

வயது ஏன் கணக்கில் வர வேண்டும்?

இளம் காவலரின் மரணம் இங்கேதான் வேறுபடுகிறது. இரண்டாம் நிலைக் காவலரின் அடிப்படைச் சம்பளம் 18,200 ரூபாயில் தொடங்குகிறது. முதல்நிலைக் காவலராக உயரவே பத்து ஆண்டுகள் காத்திருக்கும் முறையில் வந்தவர்கள் அவர்கள். 27 வயதில் ஒருவர் இறந்தால், இப்போதைய ஓய்வு வயதான 60-க்கு இன்னும் 33 ஆண்டுகள் பாக்கி. அதாவது 396 மாதச் சம்பளம். அகவிலைப்படி, ஆண்டு உயர்வு எதையும் சேர்க்காமல் தொடக்க அடிப்படைச் சம்பளத்தை மட்டும் பெருக்கினாலே 72 லட்சத்தைத் தாண்டுகிறது.

பணிக்காலம் குறைவாக இருப்பது இன்னொரு வகையிலும் அடிக்கிறது. சேமிப்பு சேர்ந்திருக்காது, வீட்டுக் கடன் அப்போதுதான் தொடங்கியிருக்கும், பிள்ளை கைக்குழந்தையாக இருக்கும், அப்பா அம்மா இன்னும் அவர் சம்பளத்தை நம்பியிருப்பார்கள். இதோடு, 2003 ஏப்ரல் 1 முதல் தமிழ்நாடு அரசுப் பணியில் சேர்ந்தவர்கள் பங்களிப்பு ஓய்வூதியத் திட்டத்தின் கீழ் கொண்டுவரப்பட்டார்கள். பழைய திட்டத்தில் ஊழியர் இறந்தால் மாதாமாதம் வந்த குடும்ப ஓய்வூதியம் போன்ற ஏற்பாடு அந்தத் திட்டத்துக்குள் இருக்கவில்லை. பிடித்த பணமும் அரசின் பங்கும் வட்டியோடு மொத்தமாக வந்தன. ஐந்தாறு ஆண்டு மட்டுமே பிடித்தம் செய்யப்பட்டவருக்கு அது எவ்வளவு தேறியிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

ஒருவர் இளம் வயதில் இறந்தால் குடும்பத்தின் இழப்பை எப்படிக் கணக்கிடுவது என்பதற்கு நம் சட்டத்தில் வழி இல்லாமல் இல்லை. சாலை விபத்து வழக்குகளில் தினமும் அதைத்தான் செய்கிறார்கள். 2009-இல் சரளா வர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் வயதுக்கு ஒரு பெருக்கல் எண் வகுத்துக் கொடுத்தது. 26 முதல் 30 வயதுக்கு 17, 56 முதல் 60 வயதுக்கு 9. ஆண்டு வருமானத்தில் இறந்தவரின் சொந்தச் செலவைக் கழித்துவிட்டு, மீதியை அந்த எண்ணால் பெருக்க வேண்டும். 2017-இல் பிரணய் சேத்தி வழக்கில் எதிர்கால உயர்வும் சேர்ந்தது. நிரந்தர வேலையில் இருந்த 40 வயதுக்குக் கீழ்ப்பட்டவர் என்றால் வருமானத்தோடு பாதியைக் கூட்டிக்கொள்ள வேண்டும்.

லாரி மோதி இறந்த ஒருவருக்கு நீதிமன்றம் காட்டும் இந்த ஒழுங்கு, நாட்டு வெடிகுண்டில் இறந்த காவலருக்கு அரசு அறிவிக்கும் தொகையில் ஏன் இருக்கக் கூடாது? குறைந்தபட்சத் தொகை ஒன்று, அதற்கு மேல் வயதையும் சார்ந்திருப்பவர்களையும் வைத்து ஒரு கணக்கு. இரண்டு பக்க அரசாணையில் முடிகிற வேலை. சிலருக்குத் தொகை கூடும், சிலருக்குக் குறையவும் செய்யும். ஆனால் டிவி கேமரா போகாத ஊரில் இறந்தவருக்கும் அதே கணக்குதான் என்ற உறுதி வந்துவிடும்.

குடும்பத்தில் ஒருவருக்கு அரசு வேலை என்பதிலும் ஒரு நெளிவு இருக்கிறது. முதலமைச்சர் அறிவித்தால் அது விரைந்து நடக்கிறது. அறிவிப்பு இல்லாத மரணங்கள் கருணை அடிப்படையிலான பணி நியமனத்தின் பொது வரிசையில் போய் நிற்கின்றன. மூன்று ஆண்டுகளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும், வாரிசுச் சான்று வேண்டும், காலியிடம் வேண்டும். இருபத்தைந்து வயதுப் பெண் கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு தாலுகா அலுவலகத்துக்கும் எஸ்.பி. அலுவலகத்துக்கும் நடப்பது இந்த வரிசையில்தான்.

கல்லும் நிலமும்

நம் பழைய வழக்கம் இதை எப்படிப் பார்த்தது என்பது கவனிக்க வேண்டியது. ஆநிரையை மீட்கப் போய் இறந்தவனுக்கு நடுகல் நட்ட ஊர்கள் இவை. செங்கம் பகுதியில் எடுத்தனூர் என்ற ஊரில் மகேந்திரவர்மனின் 34-ஆவது ஆட்சியாண்டைச் சேர்ந்த கல் ஒன்று உண்டு. எருமைகளுக்காக நடந்த சண்டையில் இறந்த கருந்தேவக்கத்தி என்பவனின் கல். பக்கத்தில் ஒரு நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. அதன் பெயர் கோவிவன், இரண்டு கள்ளர்களைக் கடித்து நின்றது என்று கல்லிலேயே வெட்டி வைத்திருக்கிறார்கள். யார், எந்த ஆட்சியாண்டு, எதற்காக இறந்தான் என்ற விவரத்தில் அவர்கள் கஞ்சத்தனம் பார்க்கவில்லை.

ஆடுகளைத் திருடிப் போனவர்களை நள்ளிரவில் பைக்கில் தனியாக விரட்டிப் போன பூமிநாதனின் செய்தியைப் படித்தபோது அந்தக் கல் நினைவுக்கு வராமல் இருக்காது.

ஆனால் கல்லோடு விஷயம் முடியவில்லை. சண்டையில் இறந்தவரின் குடும்பத்துக்குக் கொடுத்த நிலத்துக்குக் கல்வெட்டுகளில் தனிப் பெயரே உண்டு. உதிரப்பட்டி என்றும் நெய்த்தோர்பட்டி என்றும் சொல்வார்கள். நெய்த்தோர் என்றால் இரத்தம். கல் பெயருக்கு, நிலம் பிழைப்புக்கு. பெயரைப் பொறிக்கும் வேலையை இன்றைய அரசு ஒழுங்காகச் செய்கிறது. அதற்கு நாள் இருக்கிறது, சுவர் இருக்கிறது, பட்டியல் முடியும் தேதிகூட இருக்கிறது. பிழைப்புக்கு வழி செய்யும் பகுதிதான் இன்னும் ஒவ்வொரு முறையும் ஓர் அறிவிப்புக்காகக் காத்திருக்கிறது.

அடுத்தவர் சாகாமல் இருக்க

1. பூமிநாதன் கொலைக்குப் பிறகு, இரவு ரோந்துக்குப் போகிறவர்கள் துப்பாக்கி எடுத்துச் செல்ல வேண்டும், தற்காப்புக்குப் பயன்படுத்தத் தயங்கக் கூடாது என்று அப்போதைய டிஜிபி சொன்னார். துப்பாக்கி மட்டும் போதாது. அன்று அவர் தனியாக இருந்தார். ரோந்தில் இரண்டாவது ஆள் இருப்பது துப்பாக்கியைவிட முக்கியம். அதற்கு நிலையங்களில் ஆள் வேண்டும்.

2. தென்மாவட்டங்களில் நாட்டு வெடிகுண்டு புதிதல்ல. காட்டுப்பன்றிக்கு வைக்கும் அவுட்டுக்காய் தொடங்கி பழிவாங்கும் கொலைகள் வரை அது புழங்குகிறது. குண்டு வைத்திருக்கக்கூடிய ஆளைப் பிடிக்கப் போகும் தனிப்படைக்குத் தலைக்கவசமும் உடற்கவசமும் அடிப்படைத் தேவை. லத்தியும் ஓட்டமும் போதும் என்று இளைஞர்களை அனுப்புவது அவர்களின் தைரியத்தை நாம் செலவழிப்பது.

3. ஒரு விமானம் விழுந்தால் எங்கே தவறு நடந்தது என்று தனி விசாரணை நடந்து அறிக்கை வெளியாகிறது. காவலர் கொல்லப்பட்டால் கொலை வழக்கு நடக்கிறது, கொன்றவருக்குத் தண்டனை கேட்கிறோம். தகவல் சரியாக இருந்ததா, எத்தனை பேர் போனார்கள், என்ன கவசம் இருந்தது, ஆம்புலன்ஸ் எவ்வளவு தூரத்தில் நின்றது என்ற கேள்விகளுக்கான விடை அடுத்த பயிற்சிப் பள்ளி வகுப்புக்குப் பாடமாகப் போக வேண்டும். கைது நடவடிக்கையில் முதல் ஆளாக உள்ளே போவது பெரும்பாலும் அந்த வகுப்பிலிருந்து வந்த பிள்ளைகள்தான்.

இடைவெளியை யார் நிரப்புகிறார்கள்?

ஒரே ஆண்டில் பயிற்சி முடித்த காவலர்கள் தமிழ்நாடு முழுக்க வாட்ஸ்அப், டெலிகிராம் குழுக்களில் இணைந்திருக்கிறார்கள். தங்கள் பேட்ச் காவலர் ஒருவர் இறந்தால் அன்றிரவே குழுவில் படம் வரும், பெயர் வரும், கடைசியாக வேலை பார்த்த நிலையம் வரும், வங்கிக் கணக்கு எண் வரும். ஆளுக்கு ஐந்நூறு, ஆயிரம் என்று போடுகிறார்கள். அடுத்த மாதம் நாலைந்து பேர் பஸ் பிடித்து அந்த ஊருக்குப் போய், சில லட்சங்களை அந்த வீட்டில் கொடுத்துவிட்டு, குழந்தையின் பெயரில் போட்ட வைப்புநிதிப் பத்திரத்தையும் வைத்துவிட்டுத் திரும்புகிறார்கள். உள்ளூர் நாளிதழில் ஒரு சின்னப் படம் வரும், அவ்வளவுதான்.

வெட்டுப்பட்டு இறந்தவருக்கும் இப்படித்தான் சேர்க்கிறார்கள், டூட்டிக்குப் போகும் வழியில் விபத்தில் இறந்தவருக்கும், தூக்கத்தில் மாரடைப்பு வந்தவருக்கும் இப்படித்தான். குழுவில் வரும் செய்தியில் பெயரும் கணக்கு எண்ணும் இருக்கும். எந்த வகை மரணம் என்று அதில் யாரும் கேட்பதில்லை.